நீலக் கேற், இரண்டாம் மாடி

பிள்ளை,

இந்தக் கடிதத்தை முதலில் உனக்குத்தான் அனுப்பினேன். நீ வாசித்து, வேண்டாம் என்ற இடங்களை வெட்டி, "இப்ப போடுங்கோ அப்பா" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கண்ணில் படுகிறது. உன் பெயர் இதில் இல்லை. குழந்தையின் பெயரும் இல்லை. நீங்கள் இப்போது இருக்கும் இடமும் இல்லை; அது எனக்கே தெரியாது. ஓரிடத்தில் மட்டும் ஓரமாக, "பாவம் அப்பா, இதை விடுங்கோ" என்று எழுதியிருந்தாய். அது என்னைப் பற்றிய இடம். ஆகையால் அதை விடவில்லை. இப்படி ஒவ்வொரு வரிக்கும் உன்னிடம் கேட்டு எழுதுவது எனக்குப் புதிய பழக்கம். அதை ஒரு வருடத்துக்கு முன்னர் பழகியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிராது.

நடந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வளைத்து வளைத்து எழுதி என்னை நானே காப்பாற்றிக்கொள்வேன். நீ உன் கணவனை விட்டுக் குழந்தையோடு விலகி, வத்தளையில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வீடு எடுத்து, நம்பரையும் மாற்றிக்கொண்டு இருந்தாய். அந்த விலாசம் தெரிந்தவர்கள் உன் வக்கீல் சிநேகிதியும் நானும் மட்டும். அவன் அந்த வீட்டைக் கண்டுபிடித்தது என் போனால். ஒருவரும் திருடவில்லை, ஒருவரும் என்னை மிரட்டவில்லை. நானே கையால் அமத்திக் கொடுத்தேன்.

அவனை உனக்குப் பார்த்ததும் நான்தானே. அம்மா அப்போது கேட்டாள், "பெடியனைப் பற்றி ஆரிட்டையும் விசாரிச்சீங்களே?" நான் சிரித்தேன். "என்னத்தை விசாரிக்கிறது? எங்கட ஊர்ப் பெடியன். தகப்பனும் நானும் ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள்." அதோடு விசாரணை முடிந்தது. வேறு ஊர்ச் சம்பந்தம் என்றால் நாலு இடத்தில் கேட்டிருப்பேன், வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்திருப்பேன். ஊர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது. கலியாணம் முடிந்து எட்டாம் மாதம், சித்திரை வெயிலில், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வந்தாய். நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். நீ சட்டைக் கையை மடிக்கவில்லை. அம்மா உன்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் வந்து என்னிடம் சொன்னபோது நான் உன்னிடம் சொன்ன வார்த்தை, "கொஞ்சம் பொறுத்துப் பார் பிள்ளை." நீ ஐந்து வருடம் பொறுத்துப் பார்த்தாய். நீ ஓரத்தில் விடச் சொன்ன இடம் இதுதான்.

அம்மா கண்ணை மூடிய பிறகு இந்த பிளாட்டில் எனக்கு ஊர்ச் சங்கம்தான் துணை. மாதம் ஒரு கூட்டம், நாள் முழுக்க வாட்ஸப்பில் கதை. நீ வத்தளைக்கு மாறிய பிறகு ஒரு நாள் காலை சங்கச் செயலாளர் குழுவில் ஒரு செயலி அனுப்பினார். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பெடியன் ஒருவர் சங்கத்துக்காகச் செய்ததாம். ஊர் மரண அறிவித்தல்கள், கோயில் திருவிழா நேரலை, பிரிந்துபோன உறவுகளைப் பெயர் போட்டுத் தேடும் வசதி எல்லாம் அதில் இருந்தன. கூடவே குரல் பதிவு ஒன்று: "இதை ஸ்டோரில தேடாதேங்கோ, அங்க போடுறதெண்டால் அந்தக் கடிதம் இந்த விபரம் எண்டு ஒரே கரைச்சல். இதையே அமத்துங்கோ, நேர போனுக்குள்ள வந்திடும்." அமத்தினேன். போன் விடவில்லை. அறியாத இடத்திலிருந்து வரும் செயலி, உங்கள் விபரங்களுக்குத் தீங்கு வரலாம் என்று எழுத்து வந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எங்கட ஊரைப் பார்த்து அறியாத இடமாம்! எங்கேயோ அமெரிக்காவில் இருக்கிறவன் நடத்தும் ஸ்டோர் தெரிந்த இடம், பக்கத்து வளவுப் பெடியன் செய்தது தெரியாத இடம். விசர் போன் என்று திட்டிக்கொண்டு, குரல் பதிவில் சொன்னபடி செட்டிங்ஸுக்குள் போய் அந்தத் தடையை எடுத்துவிட்டேன். அடுத்ததாக உங்கள் போனில் உள்ள நம்பர்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. உறவுகளைத் தேடுவதற்கு நம்பர் வேண்டும்தானே என்று நினைத்து அதற்கும் ஓம்.

பொய் சொல்லக்கூடாது, அது எனக்குச் சந்தோஷத்தையும் தந்தது. அன்றைக்கே என்னோடு படித்த ஒருவனைப் பாரிஸில் பிடித்து ஒரு மணித்தியாலம் கதைத்தேன். நாற்பது வருடமாகச் செத்துப்போனான் என்று நினைத்திருந்தவன். அடுத்த நாள் உனக்குப் போன் எடுத்து இதைப் பெருமையாகச் சொன்னேன், ஞாபகம் இருக்கும். நீ "அப்பா, கண்டதையும் போனில ஏத்தாதேங்கோ" என்றாய். "இது கண்டது இல்லை பிள்ளை, எங்கட ஊராக்களின்ரை" என்றேன்.

என் போனில் நான் பெயர்களை எப்படிப் பதிகிறேன் என்று உனக்குத் தெரியும், எத்தனை தரம் சிரித்திருக்கிறாய். ஞாபகம் மட்டுப்பட்ட பிறகு வெறும் பெயர் போட்டால் எனக்கு ஆள் பிடிபடுவதில்லை. ஆகவே விபரத்தோடு பதிவேன். 'பிளம்பர் நல்லவர் ஆனால் குடிக்கிறவர்.' 'சின்ன மச்சான் ஸ்காபரோ மனிசியோடை கதையில்லை.' நம் சனத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பதிகிறார்கள். உறவுமுறையும் நாடும் இல்லாமல் நமக்கு ஒரு ஆள் ஆளே இல்லை. யாராவது அந்த வரிசையை எடுத்தால் ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் அவர்கள் கையில். நான் யோசிக்கவேயில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ போன் எடுத்தாய். 

"அப்பா, நீங்கள் என்னை என்ன பேரில சேவ் பண்ணி வைச்சிருக்கிறீங்கள்?"

"ஏன் பிள்ளை?"

"வாசிச்சுச் சொல்லுங்கோ."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். உன் பெயர். பிறகு, வத்தளை புது வீடு, சேர்ச்சுக்குப் பின் ஒழுங்கை, நீலக் கேற், இரண்டாம் மாடி. ஒழுங்கை முதல் வாசற்கதவின் நிறம் வரை எல்லாம் அதில் இருந்தது. நீ அழுகிறாய் என்று எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை, லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அவனும் அதே ஊர்க்காரன்தானே. அவனுக்கும் அந்தச் செயலி போயிருக்கிறது. உறவுகளைத் தேடும் இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறான். என் போனில் எழுதியிருந்தது எழுத்துப் பிசகாமல், என் பெயரும் சேர்ந்து, அவன் கைக்கு வந்திருக்கிறது. அன்றைக்குக் கதவு தட்டியபோது கீழ் வீட்டு அன்ரி என்று நினைத்துக் குழந்தைதான் போய்த் திறந்தாள். நீ ஓடி வந்து அவளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் பூட்டிக்கொண்டாய். அவன் போனை அந்தக் கதவில் தட்டித் தட்டி என்னைத்தான் சொன்னானாம், "கொப்பர்தான் விலாசம் தந்தவர், கொப்பர்தான்!" கீழ் வீட்டு மனிசி அயலாட்களைக் கூட்டிக்கொண்டு படியேறி வரும்வரை நீங்கள் இருவரும் அதற்குள் இருந்திருக்கிறீர்கள். நீதிமன்றம் அவன் உங்களுக்குக் கிட்ட வரக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தது. ஆனால் எங்கே இருக்கிறாய் என்று தெரியாதவரைதான் அந்தக் காகிதத்துக்குப் பலம் இருந்தது. அந்தக் கிழமையே நீ வீடு மாறினாய். குழந்தை இன்னமும் கதவு தட்டினால் கட்டிலுக்குக் கீழே போகிறாள் என்று உன் சிநேகிதி சொன்னா. 

எனக்குக் கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். முதலில் செயலாளரைப் பிடித்தேன். "அண்ணை, நல்ல நோக்கத்துக்குத்தானே செய்தது" என்றார். "உங்கட போன், நீங்கள் சல்லி குடுத்து வாங்கினது. என்ன போடுறதெண்டு கொம்பனி சொல்லேலாது. ஐரோப்பாவில சட்டம் போட்டே, ஸ்டோருக்கு வெளியால ஏத்திற அந்தக் கதவைத் திறக்க வைச்சிருக்கினம், தெரியுமே?" அது உண்மைதான் என்று பிறகு அறிந்தேன். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. என் போனில் எதை ஏற்றுவது என்று கடைக்காரன் தீர்மானிக்கக்கூடாது. அவர்கள் ஸ்டோரிலும் கள்ளர் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே போடுகிறவன் தன் பெயரையும் என்னென்ன எடுக்கிறான் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் செயலாளர் கரைச்சல் என்று சொன்னது அதைத்தான். "சரி, என்ரை நம்பருகளை அழிக்கச் சொல்லும்" என்றேன். "நீங்கள் செயலியை அழிச்சால் சரிதானே?" என்றார். நான் அதை அன்றைக்கே அழித்துவிட்டேன். என் போனில் இருந்துதான் அது போனது. கொண்டுபோனது எல்லாம் அவர்களிடமே இருந்தது. செயலாளர் அதைச் செய்தவருக்குச் செய்தி போட்டாராம், பதில் இல்லையாம்.

பிறகு நுகர்வோர் முறைப்பாடு எடுக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். நல்ல பிள்ளை ஒருத்தி மேசையில் இருந்தாள். "பில் எக தியெனவத அங்கிள்?" என்று சிங்களத்தில் கேட்டாள், பில் இருக்கிறதா என்று. பில் இல்லை. யார் விற்றது? ஒருவரும் விற்கவில்லை. எவ்வளவு கொடுத்தீர்கள்? ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரக்கமான பார்வைதான். விற்றவனும் வாங்கியவனும் இருந்தால் அவளுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியும். இதில் எதைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது எனக்கே வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் மின்சாரச் சாமான் கடையில் நின்று, "பில் இல்லாட்டி ஒண்டும் செய்யேலாது" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைக் காலத்துக் கதை ஒன்று இருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் குளிரூட்டி வாங்க வந்தா. உத்தரவாதப் பத்திரம் முழுக்க ஆங்கிலம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. "தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டா. கடையில் ஆட்கள் காத்து நின்றார்கள். "எல்லாம் வழமையான விஷயந்தான் அம்மா, கீழ கையெழுத்து வையுங்கோ" என்றேன். அந்தப் பத்திரத்தை நானும் அதுவரை வாசித்ததில்லை. ஆறு மாதத்தில் குளிரூட்டி நின்றுபோய் அவ திரும்பி வந்தபோது, அந்த எறும்பெழுத்தைக் காட்டித்தான் முதலாளி அவவை வெளியே அனுப்பினார். நான் பக்கத்தில் நின்றேன். போனில் ஓம் என்று அமத்திய அன்று நான் அந்தப் பெண் நின்ற இடத்தில் நின்றேன், ஆனால் அவ ஒரு கேள்வியாவது கேட்டா.

கல்கிசையில் உன் சிநேகிதியின் வீட்டுக்குப் போனதுதான் கடைசி. தேத்தண்ணி தந்துவிட்டு, பொறுமையாகச் சொன்னா.

"அங்கிள், தனிப்பட்ட விபரங்களைப் பாதுகாக்கிறதுக்கு எங்கட நாட்டிலயும் சட்டம் நிறைவேறியிருக்கு. ஆனா எல்லாப் பகுதியும் ஒரேயடியா நடைமுறைக்கு வரேல்ல, இழுபறிதான். செய்தவர் வெளிநாட்டில. அதுவும் ஒரு சிக்கல். எண்டாலும் சங்கம் இங்கதானே இருக்கு, அவையிட்டைக் கேட்கலாம். முறைப்பாடு எழுதிப் போடுவம்."

"சரி, தா பிள்ளை, கையெழுத்து வைக்கிறன்."

"நீங்கள் வைக்கேலாது அங்கிள்."

"ஏன்? என்ரை போன்தானே?"

"போன் உங்கடை. விபரம் அவளின்ரை. அவளிட்டை ஆரும் சம்மதம் கேட்டவையே?"

 பிறகு ஒரு கேள்வி கேட்டேன், கேட்காமல் வீட்டுக்கு வர முடியவில்லை. "அப்ப என்னிலயும் பிழைதானே? சட்டம் எனக்கு என்ன செய்யும்?" அவ சிரிக்கவில்லை. "ஒண்டும் செய்யாது அங்கிள். சொந்தத் தேவைக்கு வீட்டில வைச்சிருக்கிற நம்பருகளுக்காக உங்களை ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்." சட்டம் என்னை விட்டுவிட்டது. ரயிலில் கரையோரமாகத் திரும்பி வரும்போது, அது என்னைப் பிடித்து ஏதாவது தண்டனை தந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன்.

பெயர் வரிசை என்றால் என்ன என்று தெரியாதவன் செய்த பிழை என்றாலாவது ஆறுதல். எனக்குத் தெரியும். நீ பிறக்க முன்னர், நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த யுத்த காலத்தில், வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதிப் பொலிசில் கொடுக்க வேண்டும். வந்து தங்குகிற ஒருவரின் பெயர் அதில் இல்லாவிட்டாலும் கரைச்சல், இருந்தாலும் கரைச்சல். சோதனையில் ஒருவனைப் பிடித்தால் முதலில் அவன் சட்டைப்பையில் இருக்கும் நம்பர்ப் புத்தகத்தைத்தான் எடுப்பார்கள். அதில் பெயர் இருந்த குற்றத்துக்கு, ஒன்றும் அறியாத மனிதர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். நான் என் புத்தகத்தைக் கிழித்து எரித்தேன். தேவையான நம்பர் முழுவதையும் மனப்பாடம் செய்தேன். "பைத்தியமே உங்களுக்கு?" என்று அம்மா ஏசினாள். யாருடைய பெயரும் என்னால் யாருடைய கைக்கும் போகக்கூடாது என்று அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் பிள்ளை. துவக்கோடு நின்றவனுக்குக் கொடுக்காததை, திருவிழா காட்டுகிறேன் என்றவனுக்குக் கொடுத்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, என்றாலும் தகப்பன் என்றால் வாய் சும்மா இராது. நாளைக்குக் குழந்தைக்குப் போன் வாங்கிக் கொடுப்பாய். அது அவளுடைய போன்தான், எதையும் ஏற்றலாம், இறக்கலாம், உடைக்கலாம். ஆனால் அதற்குள் அவளுடைய சிநேகிதிகள் இருப்பார்கள், நீ இருப்பாய், அவர்களுக்காக ஓம் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை என்று சொல்லிக்கொடு. தெரிந்தவர் தந்தார் என்பதற்காக ஒன்றையும் வாசிக்காமல் விடாதே. தெரிந்தவர் என்றால் ஒருதரம் கூடுதலாக வாசி. நான் பார்த்த இரண்டு பெரிய கெடுதலும் தெரிந்த இடத்தால்தான் வந்தன; இரண்டும் உன் தலையில் விழுந்தன. என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், உன் குணம் அது.

போன கிழமை சிநேகிதியின் போனில் கதைத்தபோது, "அப்பா, இந்த வீடு எங்கயெண்டு சொல்லட்டே? நீங்கள் எழுதி வைக்காட்டிச் சரிதானே" என்று கேட்டாய். ஓம் என்று வாய் வரைக்கும் வந்தது. உங்கள் வீட்டு வாசல் எப்படி இருக்கும், குழந்தை எங்கே விளையாடுகிறாள் என்று தெரியாமல் எனக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஆனால் எழுதாவிட்டால் நான் மறந்துவிடுவேன், மறக்கப் பயந்து ஒரு நாள் எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் வேண்டாம் என்றேன். நீ மனம் நொந்திருந்தால், என் காரணம் இதுதான்.

முறைப்பாட்டுக் கடிதத்தை இன்னும் நீ அனுப்பவில்லை என்று சிநேகிதி சொன்னா. முறைப்பாட்டாளரின் விலாசம் என்ற கட்டத்தில் வந்து நிற்கிறாயாம். அதை எழுதினால் எத்தனை மேசைக்குப் போகும், யார் கண்ணில் படும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. என்னோடு படித்தவர்கள், தங்கச்சி, எல்லாரும் கனடாவுக்கு வந்து இரு என்று கூப்பிடுகிறார்கள். நான் போகவில்லை என்று நேற்று அவர்களுக்குச் சொல்லிவிட்டேன். இந்த வெள்ளவத்தை பிளாட் அவனுக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரியும், ஊர் முழுக்கத் தெரியும். அந்தக் கட்டத்தில் இந்த விலாசத்தை எழுது. என் சம்மதத்தோடு எழுது. கடிதங்கள் இங்கே வரட்டும், சிநேகிதியிடம் கொடுத்துவிடுகிறேன். கோபப்பட்டு வருகிறவர்களும் இங்கேயே வரட்டும். கதவு தட்டினால் நான் போய்த் திறக்கிறேன்.

அப்பா